62,000 சென்ட் நாணயங்கள் போன வழி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிவர் ஃபால்ஸ் என்றொரு சிறிய ஊர். 1994இல் அங்குள்ள வெஸ்ட்சைட் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவருக்கு ஒரு மகன், பெயர் கிரெக் மார்ட்டென்சன். முந்தைய ஆண்டு பாகிஸ்தானின் வடக்கே கே2 சிகரத்தில் ஏறப் போய், உச்சியைத் தொடாமல் திரும்பியவர். அந்த மலைப்பக்கத்தில் கோர்ஃபே என்ற கிராமத்தில் பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் மண்ணில் குச்சியால் எழுதிப் படிக்கிறார்கள், ஒரு பள்ளி கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவின் பள்ளியில் வந்து பேசினார். கேட்ட பிள்ளைகள் வீட்டு மூலைமுடுக்குகளில் கிடந்த ஒரு சென்ட் நாணயங்களைப் பொறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 62,000க்கும் மேல் சேர்ந்தது. டாலரில் எண்ணினால் 620 சொச்சம்.

பிரபலங்களுக்கு 580 கடிதம் எழுதியும் ஒரே ஒரு காசோலைதான் வந்தது என்று மார்ட்டென்சன் பின்னால் சொன்னார். பெரியவர்கள் கண்டுகொள்ளாததைச் சின்னப் பிள்ளைகள் செய்துகாட்டினார்கள் என்பது எந்த மேடையிலும் எடுபடும் கதை. எடுபட்டது. ஆனாலும் பள்ளியைக் கட்டிய பெரும் தொகை வேறு இடத்திலிருந்து வந்தது. சிலிக்கான் சில்லுத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ழான் ஹோர்னி என்ற இயற்பியலாளர் 12,000 டாலர் கொடுத்தார். கோர்ஃபே பள்ளி 1996இல் எழுந்தது. அதே ஹோர்னி கொடுத்த 10 லட்சம் டாலரை முதலாக வைத்து ‘சென்ட்ரல் ஏஷியா இன்ஸ்டிடியூட்’ என்ற தொண்டு நிறுவனம் மொன்டானா மாநிலத்தில் தொடங்கியது. பிள்ளைகளின் சில்லறை ‘பென்னீஸ் ஃபார் பீஸ்’ என்ற பெயரில் அந்த நிறுவனத்தின் நிரந்தரத் திட்டமாயிற்று. அதன் வாசகம் எளிமையானது: அமெரிக்காவில் ஒரு சென்ட்டுக்கு ஒன்றும் கிடைக்காது, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் கிராமங்களில் அதற்கு ஒரு பென்சில் கிடைக்கும்.

2006இல் மார்ட்டென்சனின் கதை ‘த்ரீ கப்ஸ் ஆஃப் டீ’ என்ற நூலாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. பள்ளிகளில் ஆசிரியர்கள் அதை வகுப்பில் படிக்கவைத்துவிட்டு, மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தார்கள். 2009இல் பாகிஸ்தான் அரசு அவருக்கு விருது கொடுத்தது. தனக்குக் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தைப் பல தொண்டு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்த ஒபாமா, அதில் 1 லட்சம் டாலரை இந்த நிறுவனத்துக்கு அனுப்பினார்.

2011 ஏப்ரலில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி இந்தக் கதையைப் பிரித்துப் போட்டது. கே2விலிருந்து இறங்கி வழிதவறி கோர்ஃபேவுக்குப் போனதாகச் சொன்னதே உண்மையில்லை, அவர் அங்கே போனது ஓராண்டு கழித்துத்தான் என்றார்கள். நிறுவனம் கட்டியதாகவோ ஆதரிப்பதாகவோ சொன்ன ஏறத்தாழ 30 பள்ளிகளை விசாரித்தார்கள். சில நன்றாகவே நடந்தன. ஆனால் பாதிக்குப் பாதி காலியாகக் கிடந்தன, அல்லது வேறு யாரோ கட்டியவை, அல்லது எந்த உதவியும் வந்து சேராதவை. மறு ஆண்டு மொன்டானா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அறிக்கை வந்தபோது கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. மார்ட்டென்சனின் நூல்களை விலைக்கு வாங்க மட்டும் தொண்டு நிறுவனம் சுமார் 40 லட்சம் டாலர் செலவழித்திருந்தது. விளம்பரத்துக்கு அதற்கும் மேல், சுமார் 49 லட்சம். அவர் சுமார் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும், பணப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று முடிவாயிற்று.

இதைப் படித்துவிட்டு ‘எல்லாம் மோசடி’ என்று கையைக் கழுவிவிடுவது சுலபம். அதுவும் சரியில்லை. கோர்ஃபேயில் பள்ளி உண்மையிலேயே கட்டப்பட்டது. மலைக் கிராமங்களில் பெண் பிள்ளைகள் படித்ததும் உண்மைதான். அட்டர்னி ஜெனரலின் அறிக்கையும் நிறுவனத்தை இழுத்து மூடச் சொல்லவில்லை, நிர்வாகத்தைத் திருத்தச் சொன்னது. என்னை உறுத்துவது வேறு. பத்து வயதுப் பிள்ளை ஜாடியில் போட்ட நாணயத்துக்கு அத்தனை ஆண்டுகள் யாரும் கணக்குக் கேட்கவில்லையே, ஏன்?

பிள்ளைகளின் நிதி திரட்டலே அப்படித்தான் அமைந்திருக்கிறது என்பதுதான் பதில். 500 டாலர் கொடுக்கிற பெரியவர் ஆண்டறிக்கை கேட்பார், வரிவிலக்கு ரசீது கேட்பார், பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு நிறுத்திவிடுவார். சில்லறை போட்ட பிள்ளைக்கு ரசீது கிடையாது. அடுத்த ஆண்டு வேறு வகுப்பு, வேறு ஆசிரியர். பள்ளியோ இதை ‘நல்ல பழக்கம்’ என்ற கணக்கில் எழுதிவிடுகிறது. கொடுத்தாயா, அதுவே போதும். நம்மூரிலும் டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாளுக்குச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு காசு கொடுத்தவர்கள்தானே நாமெல்லாம்? அந்தக் காசு எங்கே போகிறது என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. தகர உண்டியலைக் குலுக்கிப் பார்த்து எங்கள் வகுப்பு அடுத்த வகுப்பை முந்திவிட்டதா என்பதிலேயே கண்ணாக இருந்தோம்.

இந்த முறைக்கு அமெரிக்காவில் வயது அதிகம். 1950இல் பிலடெல்பியாவில் ஒரு பாதிரியாரும் அவர் மனைவி மேரி எம்மா அலிசனும் ஹாலோவீன் இரவில் வீடுவீடாக மிட்டாய் கேட்டுப் போகும் பிள்ளைகளின் கையில் பால் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, யுனிசெஃபுக்குக் காசும் கேட்டு வரச் சொன்னார்கள். முதல் ஆண்டு சேர்ந்தது 17 டாலர். அப்புறம் அது நாடு முழுக்கப் பரவி, பத்தாண்டுகள் பலவற்றில் 17 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பெட்டியும் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. கனடாவும் இதைப் பின்பற்றியது. ஆனால் 2006இல் கனடா யுனிசெஃப் பெட்டியைக் கைவிட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பு ஒரு காரணம், மலைபோல் குவியும் சில்லறையைச் சுமந்து, எண்ணி, வங்கியில் கட்டுகிற செலவு இன்னொரு காரணம். சில்லறைக்கு எடை உண்டு என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

ஆஸ்திரேலியாவில் உண்டியலுக்குப் பதில் வயிறு. வேர்ல்ட் விஷன் அமைப்பு 1975இல் அங்கே ‘40 மணி நேரப் பட்டினி’யைத் தொடங்கியது. மாணவர்கள் 40 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பார்கள், உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் அதற்கு இவ்வளவு என்று பணம் தருவார்கள். மயக்கம் வராமலிருக்க பார்லி மிட்டாய் மட்டும் உண்டு. பின்னால் சாப்பாட்டை விட முடியாதவர்கள் கைப்பேசியையோ நாற்காலியையோ விட்டால் போதும் என்று தளர்த்தினார்கள். விரதத்தில் பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம்.

சரி, பணத்தைக் கேட்கும்போது பிள்ளைகளிடம் என்ன சொல்கிறார்கள்? அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு சென்ட்டுக்கு ஒரு பென்சில், இத்தனை டாலருக்கு ஓர் ஆடு, இத்தனைக்கு ஒரு கிணறு. விலைச்சீட்டு ஒட்டிய வறுமை. பிள்ளைக்குப் புரியும், வீட்டில் போய்ச் சொல்லவும் வசதி. ஆனால் அந்த விலை பெரும்பாலும் முழு விலை அல்ல.

கனடாவில் ரையன் ஹ்ரெல்யாக் என்ற சிறுவனின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1998இல் முதல் வகுப்பில் படித்தபோது, ஆப்பிரிக்காவில் ஒரு கிணற்றுக்கு 70 டாலர் போதும் என்று ஆசிரியை சொன்னார். வீட்டு வேலைகள் செய்து நான்கு மாதத்தில் 70 டாலரைச் சேர்த்துக்கொண்டு தொண்டு அமைப்பின் அலுவலகத்துக்குப் போனான். 70 டாலருக்குக் கைப்பம்பு மட்டும்தான் வரும், கிணறு தோண்ட 2,000 டாலர் ஆகும் என்றார்கள் அங்கே. ‘அப்படியென்றால் இன்னும் வேலை செய்கிறேன்’ என்ற ரீதியில் பையன் திரும்பிப் போனான். 1999இல் உகாண்டாவின் வடக்கே அங்கோலோ தொடக்கப் பள்ளி அருகே கிணறு வந்தது. பிறகு அவன் பெயரிலேயே ஒரு அறக்கட்டளையும் உருவாயிற்று. நல்ல முடிவுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: 70 என்று கேட்டு வந்த எத்தனை பிள்ளைகளுக்கு அந்த 2,000 கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்?

2,000மும் முழுக்கணக்கு அல்ல. பம்பு போட்டால் வாஷர் தேயும், குழாய் துருப்பிடிக்கும், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், உதிரி பாகம் கிடைக்கிற கடை வேண்டும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கைப்பம்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏதோ ஒரு நேரத்தில் வேலை செய்யாமல் கிடக்கின்றன என்று கிராமப்புறக் குடிநீர் வல்லுநர்களின் வலையமைப்பு ஒன்று 2009இல் கணக்கிட்டது. அவர்கள் தந்த எண் 36 சதவீதம். கிணறு தோண்டுவதற்கு உண்டியல் குலுக்கலாம். வாஷர் மாற்ற யார் குலுக்குவார்கள்? அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை.

இந்த மோகத்தின் உச்சம் ‘ப்ளேபம்ப்’. பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் தண்ணீர் மேலே ஏறும். நன்கொடை தருகிற நாட்டுப் பிள்ளைகளிடம் காட்ட இதைவிட அழகான படம் கிடைக்குமா? 2006இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் 1 கோடியே 64 லட்சம் டாலர் திட்டத்தை அறிவித்தார். 2010க்குள் 4,000 ராட்டினங்கள் என்பது இலக்கு. ஒரு ராட்டினத்தின் விலை சாதாரணக் கைப்பம்பைப்போலப் பல மடங்கு. சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று 2009இல் கார்டியன் நாளிதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். விளையாட ஆளில்லாத நேரத்தில் பெரியவர்கள்தான் கூச்சத்தோடு ராட்டினத்தைத் தள்ளினார்கள். இதற்குப் பணம் கொடுத்த கேஸ் அறக்கட்டளையின் தலைவி, எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று 2010இல் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மை அபூர்வம்.

பிரிட்டனில் சிவப்பு மூக்கு. எத்தியோப்பியப் பஞ்ச காலத்தில், 1985 கிறிஸ்துமஸ் அன்று, சூடானின் ஓர் அகதி முகாமிலிருந்து பிபிசி நேரலையில் தொடங்கிய ‘காமிக் ரிலீஃப்’, 1988இல் முதல் ‘சிவப்பு மூக்கு நாளை’ நடத்தியது. அந்த நாளில் பள்ளிகளில் சீருடை வேண்டாம், ஒரு பவுண்டு கொடுத்துவிட்டு மூக்கில் சிவப்பு உருண்டையை மாட்டிக்கொண்டு வரலாம். கேக் விற்பார்கள், ஆசிரியர்மேல் ஸ்பாஞ்சை எறிவார்கள். பணம் கொட்டியது. கொட்டிய பணத்தை உடனே செலவழிக்க முடியாது, சில ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் தர முடியும். அதுவரை அது எங்கே இருக்கும்? 2013இல் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியே அதைத் தோண்டியது. 2007 முதல் 2009 வரையிலான காலத்தில் சுமார் 30 லட்சம் பவுண்டு புகையிலைப் பங்குகளிலும், 6 லட்சத்துக்கும் மேல் ஆயுதம் செய்யும் பிஏஇ சிஸ்டம்ஸிலும், 3 லட்சத்துக்கும் மேல் மது நிறுவனமான டியாஜியோவிலும் போடப்பட்டிருந்தது. சட்டப்படி குற்றமில்லை, முதலீட்டை நிபுணர்களிடம் விட்டிருந்தார்கள், நிபுணர்கள் லாபத்தைப் பார்த்தார்கள். பிறகு முதலீட்டு விதிகளை மாற்றினார்கள். சிவப்பு மூக்கை மாட்டிய பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்!

இத்தனைக்கும் நடுவே நார்வே வேறு மாதிரி போனது. அங்கே ‘ஆப்பரேஷன் டாக்ஸ்வெர்க்’ என்று ஒன்று உண்டு. டாக்ஸ்வெர்க் என்றால் ஒரு நாள் வேலை. 1960களின் தொடக்கத்தில், விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹம்மர்ஷோல்டின் நினைவாக ஸ்வீடனில் பிறந்த யோசனை இது. நார்வேயில் 1964இல் தொடங்கியது. பின்லாந்தும் டென்மார்க்கும் சேர்ந்துகொண்டன.

நடைமுறை இதுதான். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ ஒரு நாள் மேல்நிலை மாணவர்கள் வகுப்புக்குப் போகாமல் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் உதிர்ந்த இலைகளை வாருவார், ஒருவர் கடையில் சரக்கு அடுக்குவார், ஒருவர் சுவருக்கு வண்ணம் பூசுவார். அன்றைய கூலி நேராக டாக்ஸ்வெர்க் நிதிக்குப் போகும். ஆண்டுதோறும் கோடிக்கணக்கான குரோனர் சேர்கிறது. அது வெளிநாடுகளில் இளைஞர்களின் கல்விக்கு என்று வரையறுக்கப்பட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது பணம் சேரும் முறையல்ல, அது எங்கே போக வேண்டும் என்று முடிவாகும் முறை. நார்வேயின் நாடாளுமன்றத்துக்கு ஸ்டோர்ட்டிங் என்று பெயர். மாணவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு எலெவ்டிங் என்று பெயர், அதாவது மாணவர் மன்றம். நாடெங்குமுள்ள பள்ளிகளிலிருந்து பிரதிநிதிகள் வசந்த காலத்தில் அங்கே கூடுகிறார்கள். தொண்டு நிறுவனங்கள் தங்கள் திட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் முன்னால் நின்று விளக்குகின்றன. உங்கள் செலவில் எவ்வளவு நிர்வாகத்துக்குப் போகும், அந்த நாட்டில் உங்கள் கூட்டாளி யார் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பிறகு வாக்கெடுப்பு. ஜெயித்த திட்டத்துக்கு ஓர் ஆண்டின் பணம், தோற்றவர்கள் அடுத்த ஆண்டு வரலாம். அனுபவமுள்ள பெரிய அமைப்புகள்கூடப் பள்ளி மாணவர்களிடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை நாளுக்கு முன்பு ‘சர்வதேச வாரம்’ என்று ஒன்று நடக்கும். திட்டம் நடக்கிற நாட்டின் வரலாறு, அரசியல், அங்கே பிள்ளைகள் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் அந்த வாரத்துப் பாடம்.

குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். வேலை தேட அலுத்த பிள்ளைக்கு அப்பாவே பணத்தைக் கட்டிவிட்டால், பிள்ளை வீட்டில் தூங்கும். வசதியான தெருவில் இலை வாரக் கூலி சுலபமாகக் கிடைக்கும், புதிதாகக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாது. தொண்டு நிறுவனங்களும் மாணவர்களைக் கவர்வதற்கென்றே திட்டத்தைச் சமைக்கலாம். பத்தொன்பது வயதில் கோடிகளை நிர்வகிக்கிறவர்கள் ஓராண்டில் போய்விட, புதியவர்கள் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். இருந்தாலும் ஜாடிக்கும் வாக்குச்சீட்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

கேலி செய்வதிலும் அங்கே கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். 2012இல் நார்வே மாணவர்கள், கல்வியாளர்களின் உதவி நிதியமான ‘சைஹ்’ ஒரு பாடல் காணொளியை வெளியிட்டது. குளிரில் நடுங்கும் பாவப்பட்ட நார்வேக்காரர்களுக்காக ஆப்பிரிக்க இளைஞர்கள் மனமிரங்கி, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சேகரித்து அனுப்புகிறார்கள். பனியில் வழுக்கி விழும் வெள்ளைக்காரர்களின் படம், பின்னணியில் உருக்கமான பாட்டு. ஒரு கண்டத்தைப் பற்றி இது ஒன்றை மட்டுமே பார்த்து வளர்ந்தால் என்ன நினைப்பீர்கள் என்பதுதான் கேள்வி. அதன் பிறகு ஆண்டுதோறும் மோசமான நிதி திரட்டல் விளம்பரத்துக்குத் ‘துருப்பிடித்த ரேடியேட்டர்’ விருதும் கொடுத்தார்கள். 2017இல் அதை வாங்கியவற்றில் ஒன்று, பாடகர் எட் ஷீரன் லைபீரியாவுக்குப் போய் எடுத்த காமிக் ரிலீஃப் படம். 2020இல் காமிக் ரிலீஃபே, இனி பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படமெடுப்பதில்லை என்று அறிவித்தது.

பணம் வந்து சேரும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நமக்கு அது தூரமில்லை. வேர்ல்ட் விஷன் அமைப்பின் இந்தியக் கிளைக்குத் தலைமையகம் சென்னைதான். வெளிநாட்டுப் பிள்ளையோ குடும்பமோ மாதம் இவ்வளவு என்று கொடுத்து இங்கே ஒரு குழந்தையைத் ‘தத்தெடுக்கும்’ முறையைத் தமிழ்நாட்டில் பலரும் அறிவார்கள். அந்த வகை உதவியில் பெரிய அமைப்பான கம்பாஷன் இண்டர்நேஷனல், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் முன் அனுமதி வாங்க வேண்டியவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே போயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கான உதவி நின்றது. 2020 சட்டத்திருத்தத்தின்படி வெளிநாட்டுப் பணம் எல்லாம் முதலில் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும், வாங்கிய அமைப்பு அதைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2024 ஜனவரியில் வேர்ல்ட் விஷன் இந்தியாவின் பதிவும் ரத்தானது. இந்தச் சட்டம் தேவைதான் என்பவர்களும் உண்டு, தொண்டு அமைப்புகளின் கழுத்தை நெரிக்கிறது என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், எங்கோ ஒரு வகுப்பறை ஜாடியை நம்பிப் பள்ளிக்கட்டணம் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையை யாரும் எதுவும் கேட்கவில்லை. கொடுக்கிற நாட்டிலும் கேட்கவில்லை, பெறுகிற நாட்டிலும் கேட்கவில்லை.

நார்வேயின் வாக்கெடுப்பிலும் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. சர்வதேச வாரத்தை ஒட்டித் திட்ட நாட்டிலிருந்து சில இளைஞர்களை வரவழைத்துப் பள்ளி பள்ளியாக அழைத்துப் போகிறார்கள். இலையுதிர் காலக் குளிரில் இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு தங்கள் ஊரைப் பற்றியும் தாங்கள் படிக்க நினைப்பதைப் பற்றியும் பேசுகிறார்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். அவர்கள் வந்து இறங்குவது வசந்தத்தில் வாக்கெடுப்பு முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு.